யாருக்கு மரை கழண்டது?

'அவனுக்கு மரை கழண்டுடுச்சு' என்று யாரையாவது நீங்கள் சொல்லியிருப்பீர்கள். உங்களைப் பற்றியும் யாராவது சொல்லியிருப்பார்கள். கவலைப்படாதீர்கள், என்னைப் பற்றி என் வீட்டிலேயே சொல்கிறார்கள்.

தமிழன் பெரிய ஆள் சார். மனுஷ மூளையை ஒரு மெஷினாக நினைத்துப் பார்த்து, அது கோளாறானால் எது போயிருக்கும் என்று யோசித்து, மோட்டார், பெல்ட் என்றெல்லாம் சொல்லாமல் மிகச் சரியாக மரையில் கை வைத்திருக்கிறான். போல்ட்டில் மேடும் பள்ளமுமாகச் சுற்றிச் சுற்றி ஓடுகிறதே, அதுதான் மரை. பட்டறை பாஷையில் த்ரெட். பார்த்தால் ஒன்றுமில்லை. போனால் எல்லாம் போச்சு.

எனக்கு இது 2023 மார்ச்சில் ஒரு ஞாயிற்றுக்கிழமை புரிந்தது.

என் பெரிய மாமாவிடம் ஒரு ஸ்டாண்டர்ட் ஹெரால்ட் கார் இருக்கிறது. 1966 மாடல். நாற்பது வயதுக்குக் கீழே இருப்பவர்களுக்காக ஒரு சின்ன அறிமுகம். இது நம்ம ஊர் கார். இங்கிலாந்தில் 1959ல் வந்த ட்ரையம்ஃப் ஹெரால்டை, 1961 முதல் சென்னைக்கு வெளியே பெருங்களத்தூர் - வண்டலூர் பக்கம் இருந்த ஸ்டாண்டர்ட் மோட்டார் கம்பெனி இங்கே தயாரித்தது. டிசைன் செய்தவர் மிக்கேலோட்டி என்ற இத்தாலிக்காரர். அம்பாஸடரும் ஃபியட்டும் மட்டுமே ஓடிய தெருக்களில் இது ஒரு சினிமா நடிகை மாதிரி போகும். இன்னொரு விசேஷம், சுமார் 25 அடி வட்டத்துக்குள் முழுசாகத் திரும்பிவிடும். சந்து பொந்துகளில் ஹெரால்டை ஓட்டியவர்கள் இன்றைக்கும் அதைச் சொல்லிச் சொல்லி உருகுவார்கள். மாமா தினமும் உருகுவார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பழைய கார்களின் அணிவகுப்பு ஒன்றுக்குப் போய்விட்டு மாமாவும் நானும் திரும்பி வந்துகொண்டிருந்தோம். புதுசாகப் பெயின்ட் அடித்த கார். ஜி.எஸ்.டி. ரோட்டில் அறுபதில் வந்தோம். பக்கத்தில் பஸ், பின்னால் தண்ணீர் லாரி. பைக்கில் போனவர்கள் எல்லாம் செல்போனில் படம் எடுத்தார்கள். மாமா சிவாஜி மாதிரி உட்கார்ந்து ஓட்டினார்.

பத்து நிமிடம் கழித்து, குரோம்பேட்டையில் அவர் வீட்டு கேட்டுக்குள் நுழைய ஸ்டீயரிங்கை முழுசாக ஒடித்தார். 'டொக்' என்று ஒரு சத்தம். கார் இடது பக்கம் முழங்காலிட்டது. முன் சக்கரம் உள்பக்கமாக மடங்கி, மட்கார்டுக்கு அடியில் கால் உடைந்த ஆடு மாதிரி கிடந்தது.

கேட்டைத் திறந்துவிட்டு நின்றிருந்தான் என் அக்கா மகன். ஒன்பது வயது. கார் நின்ற இடத்துக்கும் அவனுக்கும் நடுவே ஒரு கை நீளம்தான்.

'டொக்' என்ற அந்தச் சத்தம் பத்து நிமிடம் முன்னால், அறுபதில், தண்ணீர் லாரிக்கு முன்னால் கேட்டிருந்தால்? இந்தப் பக்கத்தில் வேறு யாராவது எழுதிக்கொண்டிருப்பார்கள்.

ஹெரால்டின் பானெட்டைத் திறப்பதே ஓர் அழகு. இரண்டு மட்கார்டோடும் சேர்ந்து முன்பக்கம் முழுசும் அப்படியே முன்னோக்கிச் சாயும். எஞ்சின், ஸ்டீயரிங், சஸ்பென்ஷன் எல்லாம் கண்ணெதிரே. எதையும் ஒளித்துவைக்காத கார். 'பார், பார்' என்று காட்டுகிறது. நாம்தான் பார்க்கவில்லை.

அன்றைக்குப் பார்த்தோம்.

முன் சக்கரத்தைத் தாங்குவது செங்குத்தாக நிற்கும் ஓர் இரும்புத் தண்டு. வெர்ட்டிகல் லிங்க் என்று பெயர். அதன் அடிமுனையில் மரை வெட்டியிருக்கும். அந்த மரை, ட்ரன்னியன் என்கிற வெண்கலக் கட்டைக்குள் திருகி உட்கார்ந்திருக்கும். ஸ்டீயரிங்கைத் திருப்பினால் தண்டு அந்த மரையிலேயே திரும்பும். கார் அந்தப் பக்கம் கொடுக்கிற பாரம், ரோட்டுப் பள்ளம் கொடுக்கிற அடி, பிரேக் போட்டால் வருகிற இழுப்பு, எல்லாம் இந்த வழியாகத்தான் போய் வரவேண்டும். எங்கள் வண்டியில் தண்டு அங்கேதான், மரை ஆரம்பிக்கிற இடத்தில், இரண்டாக ஒடிந்திருந்தது.

ஒடிந்த இடத்துக்குப் பக்கத்தில் கொழுக்கட்டை மாதிரி ஒரு வெல்டிங் உருண்டை.

இப்போது பில்லை எடுக்கிறேன். நான் பி.காம். எந்த விபத்து நடந்தாலும் முதலில் பில்லைத்தான் தேடுவேன். நாலு மாதம் முன்னால் ஒரு பட்டறையில் செய்த வேலை. பெயின்ட், டிங்கரிங்: 85,000 ரூபாய். சீட் தையல்: 22,000. குரோம் பாலிஷ்: 14,000. கடைசி வரியில், 'ஃப்ரண்ட் சஸ்பென்ஷன் த்ரெட் வேலை: 1,800'. அதையும் பேரம் பேசி 1,500 ஆக்கியிருந்தார் மாமா.

அந்த 1,500க்கு மெக்கானிக் என்ன செய்திருக்கிறார்? தேய்ந்துபோன மரை மேல் வெல்டிங் வைத்து, கையால் மறுபடியும் மரை வெட்டி, ஆடாமல் இறுக்கி, கிரீஸைத் திணித்துக் கொடுத்துவிட்டார். 'அட்ஜஸ்ட் பண்ணிட்டேன் சார், இனிமே பிரச்னை வராது' என்றும் சொல்லியிருக்கிறார்.

மெக்கானிக்கைத் திட்ட வாயைத் திறந்தேன். மாமா என்னையே பார்த்தார். "டேய், இங்கிலாந்துலேர்ந்து புதுசு வரவழைக்கலாம்னு நான் சொன்னப்ப, வேண்டாம்னு சொன்னது யாரு?"

நான்தான். 'அறுபது வருஷ வண்டிக்கு புக் வேல்யூவே பூஜ்யம் மாமா. கூரியர், கஸ்டம்ஸ் டியூட்டி எல்லாம் சேர்த்தா எங்கயோ போகும். இங்கயே சரி பண்ணச் சொல்லுங்க' என்று தேய்மானக் கணக்கு சொன்ன மேதாவி நான்தான். காரில் மரை தேய்வதற்கு முன்னால் என் தலையில் தேய்ந்திருந்தது.

அதனால்தான் இந்தக் கட்டுரை. மெக்கானிக் மேல் பாதிக் கோபம். மீதிப் பாதி நம் மேல்.

ஒடிந்த பாகத்தைப் பையில் போட்டுக்கொண்டு அம்பத்தூரில் ஒரு லேத் பட்டறைக்குப் போனோம். எழுபதைத் தாண்டிய பெரியவர். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு ஒடிந்த முகத்தைப் பார்த்தார். விரலால் தடவினார். "பாதி பழைய ஒடைசல், பாதி புது ஒடைசல். இந்தக் கறுத்திருக்கே, இது ரொம்ப நாளா விரிசல் விட்டிருக்கு. இந்தப் பளபளன்னு இருக்கே, இதான் அன்னிக்கு ஒடைஞ்சது" என்றார். போஸ்ட்மார்ட்டம் ரிப்போர்ட் இரண்டே வரியில்.

"இதையே சரி பண்ண முடியுமா ஐயா?" என்று கேட்டேன். அப்போதும் புத்தி வரவில்லை, பாருங்கள்.

"முடியாது தம்பி. நான் செய்ய மாட்டேன். வேற எவனாவது செய்வான். அவன்கிட்டயும் குடுக்காதீங்க. இது கட்டுற மரை இல்ல. நடக்குற மரை."

இந்த ஒரு வரியைத்தான் உங்களுக்குச் சொல்ல வந்தேன்.

பெரும்பாலான மரைகள் கட்டுகிற மரைகள். இரண்டு பாகத்தைச் சேர்த்து இறுக்கிப் பிடித்துக்கொண்டு சும்மா இருப்பதுதான் வேலை. ஹெரால்டின் ட்ரன்னியன் மரை அப்படி இல்லை. ஒவ்வொரு முறை ஸ்டீயரிங்கைத் திருப்பும்போதும் நகர்கிறது. அதற்கு மூச்சு எண்ணெய். கிரீஸ் அல்ல, தொண்ணூறாம் நம்பர் கியர் ஆயில் போடு என்றுதான் கம்பெனியின் கையேடே சொன்னது. கெட்டியான கிரீஸ் மரையின் இடுக்கு முழுசும் இறங்காது. இறங்காத இடத்தில் மழைத் தண்ணீர் இறங்கும். தண்ணீர் இறங்கினால் துரு. துரு அரித்த குழியில் விரிசல் ஆரம்பிக்கும். கம்பியை இப்படியும் அப்படியும் வளைத்து வளைத்து உடைப்போம் இல்லையா? அதே மாதிரி, ஒவ்வொரு பள்ளத்திலும் ஒவ்வொரு திருப்பத்திலும் அந்த விரிசல் ஒரு மயிரிழை வளரும். கடைசியில் ஒருநாள் 'டொக்'.

இதில் வெல்டிங் வேறு வைத்தால்? அந்தத் தண்டு சூடேற்றி, அடித்து, பதம் பார்த்துச் செய்த இரும்பு. வெல்டிங் சூடு பட்ட இடத்தில் அந்தப் பதம் போய்விடும். ஒரு பக்கம் கண்ணாடி மாதிரி விறைப்பு, பக்கத்திலேயே தளர்ச்சி. அப்பளம் மாதிரி அங்கேதான் உடையும். வெளியிலிருந்து பார்த்தால் கெட்டியாகத் தெரியும். அதுதான் ஆபத்து. ஆடிக்கொண்டிருந்த சக்கரமாவது 'என்னைக் கவனி' என்று சொல்லிக்கொண்டிருந்தது. வெல்டிங் அதன் வாயை அடைத்துவிட்டது.

இதைச் சொன்னால் ஒரு கோஷ்டி சண்டைக்கு வரும். எனக்குத் தெரியும். 'இந்தியாவின் பலமே அட்ஜஸ்ட் பண்ணுவதுதான். இந்தியில் ஜுகாட் என்பார்கள். மேனேஜ்மென்ட் புத்தகங்களே புகழ்கின்றன. ஸ்பேர் கிடைக்காத காலத்தில் நம் மெக்கானிக்குகள்தான் இந்த வண்டிகளை உயிரோடு வைத்திருந்தார்கள். ஏ.சி. ரூமில் உட்கார்ந்து எழுதுகிற உனக்கு என்ன தெரியும்?'

முதலில், என் ரூமில் ஏ.சி. ரிப்பேர். இரண்டாவது, அவர்கள் சொல்வதில் பாதி நிஜம். ஸ்டாண்டர்ட் ஹெரால்டின் தயாரிப்பு நின்று அரை நூற்றாண்டு ஆகிவிட்டது. கம்பெனியும் 1980களின் கடைசியில் கார் செய்வதை நிறுத்திவிட்டது. அதற்குப் பிறகும் இந்த வண்டிகள் ஓடுகின்றன என்றால், புதுப்பேட்டையில் பழைய இரும்புக் குவியலைக் கிளறியவர்களும், லேத்தில் புஷ் கடைந்து கொடுத்தவர்களும்தான் காரணம். அவர்களுக்கு ஒரு கும்பிடு.

ஆனால் பழுது பார்ப்பது வேறு. பழுதை மறைப்பது வேறு. இரண்டுக்கும் 'அட்ஜஸ்ட்' என்று ஒரே பேர் வைத்துக் கும்பிடுகிறோமே, அங்கேதான் என் சண்டை.

பெரியவர் அன்றைக்கு என்ன செய்தார் என்று சொல்கிறேன். வித்தியாசம் உங்களுக்கே தெரியும்.

கார் முன்பக்கத்திலிருந்து கழற்றிய எல்லா போல்ட்டையும் ஒரு தட்டில் கொட்டச் சொன்னார். சீப்பு மாதிரி ஒரு சின்னத் தகடு வைத்திருந்தார். பிட்ச் கேஜ். ஒவ்வொரு போல்ட்டிலும் அதைப் பொருத்திப் பார்த்து, ஆறு போல்ட்டைத் தனியே தள்ளினார். "இது இந்த வண்டிதே இல்ல."

ஹெரால்டில் பெரும்பாலான மரை அங்குலக் கணக்கு. உதாரணமாக 5/16 அங்குல போல்ட், அங்குலத்துக்கு 24 மரை. யு.என்.எஃப். என்பார்கள். அதன் குறுக்களவு 7.94 மில்லிமீட்டர். இன்றைக்குக் கடையில் கிடைக்கும் எம்-8 போல்ட் 8 மில்லிமீட்டர். வித்தியாசம் ஒரு தலைமுடி கனம். கண்ணுக்குத் தெரியாது. ஆனால் மரைக்கு மரை இடைவெளி? முதலாவதில் 1.06 மில்லிமீட்டர், இரண்டாவதில் 1.25. இதை அதற்குள் விட்டால் இரண்டு சுற்று சமர்த்தாகப் போகும். அப்புறம் முட்டும். கணக்குப் போட்டால் ஐந்தே சுற்றில் கிட்டத்தட்ட ஒரு முழு மரை தள்ளிப்போய்விடும். அங்கேதான் புத்தியுள்ளவன் நிறுத்துவான். நம் ஆள் ஸ்பேனரில் ஒரு பைப்பைச் செருகி ஏறி நிற்பான். போல்ட் உள்ளே போய்விடும். போகிற வழியில் எல்லா மரையையும் வழித்துக்கொண்டு போகும். பிறகு, 'த்ரெட் ஸ்லிப் ஆகுது சார், பழைய வண்டி இல்லியா' என்று வண்டி மேல் பழி.

இன்னொரு வித்தை உண்டு. மரையை வெட்டுகிற எஃகுக் கருவிக்குப் பட்டறையில் டேப் என்று பேர். பிளம்பர் குழாயில் சுற்றுகிற வெள்ளை நாடாவுக்கும் டேப் என்றுதான் பேர். ஆங்கிலத்தில் அவை இரண்டு வேறு சொற்கள். தமிழில் எழுதினால் ஒன்றுதான். எங்கள் மெக்கானிக்கும் அந்த வித்தியாசத்தைப் பார்க்கவில்லை. முதல் டேப்பால் செய்யவேண்டிய வேலையை இரண்டாவது டேப்பால் முடித்திருந்தார். கழற்றிய இரண்டு போல்ட்டில் குழாய் நாடா சுற்றியிருந்தது. தண்ணீர் ஒழுகாது, வாஸ்தவம். சக்கரம் ஒழுகும்.

பெரியவர் எல்லா மரையையும் மூன்று கூறாகப் பிரித்தார்.

முதல் கூறு, அடிபட்ட மரை. துரு, அழுக்கு, பெயின்ட் ஏறி அடைத்தது, சுத்தியல் பட்டு முனை நசுங்கியது. ஒரு நாள் முன்னாலேயே துரு எண்ணெய் விட்டு ஊற வைத்தார். கம்பி பிரஷ். நசுங்கின இடத்துக்கு மரை அரம். அப்புறம் சரியான அளவு டை, துளைக்குச் சரியான அளவு டேப். அரைச் சுற்று முன்னால், கால் சுற்று பின்னால், ஆடு மேய்க்கிற பொறுமை. "புதுசா வெட்டக் கூடாது தம்பி. இருக்கிற வழியைக் காட்டணும். அவ்ளோதான்."

இரண்டாவது கூறு, வழித்துக்கொண்டு போன துளை. மொத்தம் இரண்டு. பிராக்கெட்டில் இருந்தன, கட்டுகிற மரைதான். இதற்கு ஹெலிகாயில். துளையைக் கொஞ்சம் பெரிதாக, கோணாமல் துளைத்து, அதற்கென்றே உள்ள டேப்பால் மரை வெட்டி, ஸ்பிரிங் மாதிரி இருக்கும் ஒரு எஃகுச் சுருளை உள்ளே திருகிவிடுவது. சுருளின் உள்பக்கம் பழைய அளவு மரையாகவே இருக்கும். கம்பெனி போல்ட்டே திரும்பவும் உட்காரும். ஒட்டு வேலை என்று நினைக்காதீர்கள். அலுமினிய பாகங்களில் மரை வலுவாக இருக்கவேண்டும் என்று விமான எஞ்சின்களில் புதிதாகச் செய்யும்போதே இதைப் போடுகிறார்கள்.

மூன்றாவது கூறு, குப்பைத் தொட்டி. மரை போன போல்ட், நட், ஒருமுறை கழற்றிய நைலான் நட், பழைய ஸ்ப்ளிட் பின், கூடவே எங்கள் வெர்ட்டிகல் லிங்க்கும் ட்ரன்னியனும். இரண்டு பக்கமும். உடையாத வலது பக்கத்தை ஏன் போடவேண்டும் என்று கேட்டேன். கழற்றிக் காட்டினார். மரையின் அடியில் செம்மண் மாதிரி துரு. "இது அடுத்த மாசம்" என்றார்.

'ஐயா, நாலு மரை நல்லா பிடிச்சிருக்கே, போதாதா' என்று கேட்கிறவர்களுக்கு ஒரு தகவல். நட்டில் பத்து மரை இருந்தால் ஆளுக்குப் பத்து சதவீதம் பாரம் தூக்குவதில்லை. அழுத்துகிற முகத்துக்குப் பக்கத்தில் இருக்கும் முதல் மரையே ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கைத் தூக்குகிறது. நம் ஆபீஸ் மாதிரிதான். ஒருத்தர் வேலை செய்வார், மற்றவர்கள் பக்கத்தில் இருப்பார்கள். அந்த ஒருத்தர் போய்விட்டால் அடுத்தவர் மேல் விழும். அப்புறம் அதற்கடுத்தவர்.

போல்ட் தலையில் எண் இருக்கிறதே, பார்த்திருக்கிறீர்களா? 8.8 என்று இருந்தால் சதுர மில்லிமீட்டருக்கு 800 நியூட்டன், அதாவது சுமார் 80 கிலோ எடை வரை அறுந்துபோகாத இரும்பு என்று அர்த்தம். புள்ளிக்கு அப்புறம் வரும் 8, அதில் 80 சதவீதம் வரை நிரந்தரமாக நீளாது என்று அர்த்தம். அங்குல போல்ட்டானால் தலையில் கோடுகள். மூன்று கோடு ஒரு தரம், ஆறு கோடு அதற்கு மேல். தலை மொட்டையாக இருந்தால்? அவர் எதற்கும் கேரன்டி இல்லை. ஜன்னல் கொக்கிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

எனக்குப் பிடித்த பகுதிக்கு வருகிறேன். மரை என்பது இரும்பில் எழுதிய ஒப்பந்தம். கிண்டலுக்குச் சொல்லவில்லை. ஒரு காலத்தில் ஒவ்வொரு பட்டறையும் இஷ்டத்துக்கு மரை வெட்டியது. இந்தப் பட்டறை போல்ட் அந்தப் பட்டறை நட்டுக்குள் போகாது. 1841ல் ஜோசப் விட்வொர்த் என்ற இங்கிலாந்துக்காரர், 'எல்லோரும் 55 டிகிரி கோணத்தில் வெட்டுவோம்' என்று ஒரு வழி சொன்னார். 1864ல் அமெரிக்காவில் வில்லியம் செல்லர்ஸ், 'இல்லை, 60 டிகிரி' என்றார். இரண்டாம் உலகப் போரில் இந்த 5 டிகிரி வித்தியாசம் கழுத்தை அறுத்தது. ஒரே பக்கம் நின்று சண்டை போட்ட நாடுகளின் போல்ட்டும் நட்டும் சேரவில்லை. பட்ட பிறகு புத்தி. 1948ல் அமெரிக்கா, பிரிட்டன், கனடா மூன்றும் உட்கார்ந்து பேசிப் பொது மரை ஒன்றுக்குக் கையெழுத்துப் போட்டன. ஹெரால்டின் போல்ட்டில் இருப்பது அந்தக் கையெழுத்துதான். இங்கிலாந்தில் வெட்டிய போல்ட்டும் மெட்ராஸில் வெட்டிய நட்டும் ஒன்றையொன்று பார்க்காமலேயே பொருந்தியது அதனால்தான்.

பைப்பைச் செருகி ஏறி நின்று திருகுகிறவன் அந்த ஒப்பந்தத்தைக் கிழிக்கிறான். வெல்டிங்கால் மரை வெட்டிக் கொடுப்பவன் கள்ளக் கையெழுத்துப் போடுகிறான். நானும் மாமாவும்? 1,500 ரூபாய்க்கு அதை வாங்கி வந்தவர்கள்.

யோசித்துப் பாருங்கள். அந்த மெக்கானிக், 'சார், இந்தப் பாகம் செத்துப் போச்சு. வெளிநாட்டிலிருந்து வரவேண்டும். ஒன்றரை மாதம் ஆகும். அதுவரை வண்டியை எடுக்காதீர்கள்' என்று சொல்லியிருந்தால் என்ன செய்திருப்போம்? 'இவனுக்கு வேலை தெரியாது' என்று அடுத்த பட்டறைக்குப் போயிருப்போம். அணிவகுப்புக்கு நாள் குறித்தாகிவிட்டதே! 'முடியும்' என்று சொல்கிறவனுக்குக் காசு, 'முடியாது' என்று சொல்கிறவனுக்குக் கெட்ட பேர். இந்த ரேட்டில் பொய்தான் விற்பனைக்கு வரும். இது மெக்கானிக்கல் இன்ஜினீயரிங் இல்லை சார், சுத்தமான காமர்ஸ். எனக்குத் தெரிந்த ஒரே பாடம்.

அம்பத்தூர் பெரியவர் சொன்ன 'முடியாது'க்கு பில் எங்கே? வாங்கவே இல்லை. டை, டேப், ஹெலிகாயில் வேலைக்கு மட்டும் 2,600 வாங்கினார். அவர் கற்ற வித்தையில் அதிக விலை உள்ளது அந்த ஒற்றைச் சொல்தான். இலவசமாகக் கொடுத்துவிட்டார். ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் படிக்கிற பையன் இரண்டு வருடம் உட்கார்ந்து டேப்பும் டையும் பிடிக்கக் கற்றுக்கொண்டுதான் வெளியே வருகிறான். வெளியே வந்ததும் நாம் அவனுக்குக் கற்றுக்கொடுப்பது என்ன? 'அதெல்லாம் வேணாம்பா, சீக்கிரம் அட்ஜஸ்ட் பண்ணி அனுப்பு.'

அரசாங்கமும் சும்மா இல்லை. 2021ல் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் ஐம்பது வயதைத் தாண்டிய வாகனங்களுக்கு விதி கொண்டுவந்தது. 'வி.ஏ.' என்ற எழுத்தோடு தனி நம்பர். புதிதாகப் பதிவுக் கட்டணம் 20,000 ரூபாய். கண்காட்சி, ராலி மாதிரி காரியங்களுக்குத்தான் ஓட்டலாம், தினசரி உபயோகத்துக்குக் கூடாது. சேஸிஸ், பாடி, எஞ்சினைப் பெரிதாக மாற்றக் கூடாது. நல்ல விதி. பழசைப் பழசாகவே காப்பாற்றுங்கள் என்கிறது. ஆனால் நம்மவர்கள் ஒரிஜினல் என்பதைப் பெயின்ட் கலராகவும் குரோம் பளபளப்பாகவும்தான் புரிந்துகொள்கிறார்கள். அணிவகுப்பில் பரிசு வாங்கிய எத்தனை பேர் தங்கள் ட்ரன்னியனில் கடைசியாக எப்போது எண்ணெய் விட்டோம் என்று சொல்வார்கள்? ஒரிஜினல் கலரில் ஒரு கார், கம்பெனி சொன்ன எண்ணெய் இல்லாமல், வேற்று போல்ட்டோடு, வெல்டிங் மரையோடு. அது பாரம்பரியச் சின்னமா, பாடி பில்டிங் செய்த சவப்பெட்டியா?

'ஹெரால்ட் இருக்கிறவங்க ஊருக்குப் பத்துப் பேர், எங்களுக்கு எதுக்கு இதெல்லாம்' என்று பக்கத்தைத் திருப்பாதீர்கள். உங்கள் அப்பாவின் பழைய ஸ்கூட்டர் இருக்கிறது. ஸ்கூல் வேன் இருக்கிறது, அதில் உங்கள் பிள்ளை இருக்கிறான். அதன் சஸ்பென்ஷனிலும் மரைதான். 'நாலு மரை பிடிச்சிருக்கு, போதும்' என்று ஒருவர் அங்கேயும் சொல்லிக்கொண்டிருக்கலாம்.

ஆகவே, அடுத்தமுறை சஸ்பென்ஷன், ஸ்டீயரிங், பிரேக் என்று எந்த வேலைக்கு வண்டியை விட்டாலும் மூன்று கேள்வி கேளுங்கள். ஒன்று: எந்த மரை போயிருந்தது, கட்டுகிறதா, நடக்கிறதா? இரண்டு: எதை வைத்துச் சரி செய்தீர்கள்? மூன்று: கழற்றின பழைய பாகம் எங்கே? பதில் சொல்லத் தெரிந்தவர் கேட்கிற கூலியில் பேரம் பேசாதீர்கள். காய்கறிக் கடையில் வைத்துக்கொள்ளுங்கள் அந்தச் சாமர்த்தியத்தை.

இங்கிலாந்தில் அந்தக் காருக்கு இன்னமும் உதிரி பாகங்கள் செய்து விற்கிறார்கள். இரண்டு லிங்க், இரண்டு ட்ரன்னியன், கூரியர், கஸ்டம்ஸ் எல்லாம் சேர்த்து வந்த தொகை, பெயின்ட்டுக்குக் கொடுத்ததில் பாதிகூட இல்லை. இடது பக்கத்துக்கு ஒரு மரை, வலது பக்கத்துக்கு அதற்கு எதிர் மரை. மாற்றிப் போட முடியாது. பெரியவரே வந்து மாட்டினார். முழுசும் திருகி, ஒரு சுற்றுக்கும் குறைவாகப் பின்னால் தளர்த்தி, தொண்ணூறு ஆயில் வழிகிற வரைக்கும் ஏற்றினார். மாமா இப்போது பஞ்சாங்கத்தில் அமாவாசையைக் குறிக்கிற மாதிரி ஆயில் தேதியைக் குறித்துவைக்கிறார். கார் கேட்டுக்குள் நுழைகிறபோது அக்கா மகனைத் திண்ணையில் ஏறி நிற்கச் சொல்கிறார். புது பாகம்தான், ஆனாலும்.

மூன்று கேள்வி சொன்னேன் அல்லவா? மூன்றுக்கும் சேர்த்து, 'அட்ஜஸ்ட் பண்ணிட்டேன் சார்' என்று ஒரே பதில் வந்தால், சாவியை வாங்கிப் பாக்கெட்டில் போட்டுக்கொள்ளுங்கள். வண்டியை அங்கேயே விட்டுவிட்டு ஆட்டோ பிடித்து வீட்டுக்குப் போங்கள். பார்க்கிறவர்கள், 'இந்த ஆளுக்கு மரை கழண்டுடுச்சு' என்பார்கள்.

சொல்லட்டும். உங்களுடையது கழலவில்லை.